கோழிகூடத் தள்ளாடாத பீர்

மொலூபே தன் வாழ்நாளில் குடித்த பீரில் ஒன்றுகூட அவருக்குப் பிடித்ததில்லை. பிடிக்காத ஒரு பொருளை ஒரு மனிதன் இவ்வளவு விடாமுயற்சியோடு குடித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் மலையூரில் ஒரு வீட்டுக் கம்பத்தில் வெள்ளைக்கொடி ஏறினால் அங்கே பீர் தயார் என்று அர்த்தம். அந்தக் கொடி காற்றில் விரிவதற்குள் மொலூபே அந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருப்பார். முதல் குவளையைக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். பிறகு கண்ணைத் திறந்து வீட்டுக்காரியைப் பார்ப்பார். பிழைக்க மாட்டார் என்று தெரிந்த நோயாளியின் உறவினர்களை டாக்டர் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை.

"முளைமாவு பத்தல," என்பார். இல்லாவிட்டால், "புளிப்பு தூக்கலா இருக்கு." மிகவும் இரக்கம் வந்துவிட்டால், "பரவாயில்ல, தாகத்துக்கு ஆச்சு." அதன்பிறகு வாளியின் அடி தெரியும்வரை எழுந்திருக்க மாட்டார்.

என் பீரை ஒருமுறை பாத்திரம் கழுவின தண்ணி என்றார். அந்தத் தண்ணியைக் குடித்த அன்று அவரைக் கழுதைமேல் குறுக்கே போட்டுத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஆகவே அவருடைய கதையை நான் சொல்லும்போது யாரும் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

இளவயதில் எல்லாரையும் போல அவரும் எல்லை தாண்டி வெல்கொமுக்குப் போய்த் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தார். அங்கே ஆட்களைக் குறைத்தபோது ஒரு தகரப்பெட்டியோடும் தீராத இருமலோடும் உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றிய கருத்தோடும் திரும்பி வந்தார். அவர் பூமிக்கு அடியில் இருந்த காலமெல்லாம் பூமிக்கு மேலே அந்தக் குடும்பத்தை நிற்க வைத்தது அவர் மனைவி மாதெபெல்லோ காய்ச்சிய பீர்தான். மகள் தெபெல்லோ அதில்தான் படித்தாள். வீட்டுக்குத் தகரக்கூரை வந்ததும் அதில்தான். ஊருக்கு ஊர் பெண்கள் காய்ச்சுகிறார்கள். ஆனால் மாதெபெல்லோவின் கொடி ஏறினால் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து குதிரையில் வருவார்கள். அந்த பீரையும் மொலூபே விட்டுவைக்கவில்லை. சொந்த மனைவி என்பதற்காக நியாயத்தை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர்.

மற்றபடி கெட்டவர் இல்லை. தெபெல்லோ விடுமுறை முடிந்து தலைநகர் மசேருவுக்குத் திரும்பும்போதெல்லாம் அவள் மூட்டையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ரோடுவரை நடப்பார். ஆண்கள் தலையில் சுமை வைப்பதில்லை என்று யாராவது சொன்னால், "சுரங்கத்துல மலையவே தலைமேல வெச்சிருந்தோம்," என்பார்.

அந்த வருஷம் அறுவடை முடிந்து குளிர் இறங்கிய சமயம், மாதெபெல்லோ வீட்டு முற்றத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. மொலூபே ஒரு குவளையைக் கண்ணை மூடிக் குடித்தார், திறந்தார், பெருமூச்சு விட்டார்.

"இந்த ஊர்ப் பொம்பளைங்க பீர் காய்ச்சறதில்ல," என்றார். "கூழைக் கரைச்சு வெச்சிட்டு, கடவுள் மேல பாரத்தைப் போட்டுட்டுத் தூங்கப் போயிடறாங்க."

பிட்ஸோ என்று ஒருவன் எங்கள் ஊரில் உண்டு. முன்பல் இரண்டும் போனவன். வேலை எதுவும் இல்லாததால் எல்லா இடத்திலும் இருப்பவன். அவன் கேட்டான்: "அப்ப நீங்கதான் ஒரு தடவை காய்ச்சிக் காட்டுங்களேன் அண்ணே?"

"அதென்னடா பெரிய வித்தை? கிண்டணும், காத்திருக்கணும், வடிகட்டணும். பாறையை உடைச்ச கைக்குக் கூழு கிண்டத் தெரியாதா?"

மாதெபெல்லோ அப்போது ஊற்றிக்கொண்டிருந்தாள். செம்பைக் கீழே வைத்தாள். நேராகப் போய்க் கம்பத்திலிருந்து கொடியை அவிழ்த்தாள். மடித்து எடுத்து வந்து கணவர் மடியில் வைத்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பேச வர்றாங்கல்ல, தெபெல்லோ அப்பா. அன்னிக்கு பீர் உங்க பொறுப்பு. ஆட்டை நான் பாத்துக்கறேன், ரொட்டியை நான் பாத்துக்கறேன். டிரம் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

பிட்ஸோதான் கவலையோடு வாயைத் திறந்தான். "அக்கா, அது சரி. இப்ப இந்த வாளில மிச்சம் இருக்கே, அதை என்ன பண்றது?"

மொலூபேக்குப் பின்வாங்க வழியில்லை. கொடியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, பெரிய பதவி ஏற்றவர் போலத் தலையசைத்தார்.

மாதெபெல்லோ இவ்வளவு துணிச்சலாக ஒதுங்கியதற்குக் காரணம் உண்டு. மறுநாள் ஊற்றடியில் கம்பளி அலசும்போது என்னிடம் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பு தாங்காமல் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தெபெல்லோ மசேருவில் ஒரு துணி ஆலையில் ஜீன்ஸ் பாக்கெட்டுக்குத் தையல் போடுகிறாள். அதே ஆலையில் தையல் இயந்திரம் பழுது பார்க்கும் மொஹாவுதான் மாப்பிள்ளை. அவன் குடும்பம் சீயோன் சபைக்காரர்கள். பீர் தொட மாட்டார்கள், புகையிலை தொட மாட்டார்கள், பன்றிக்கறி தொட மாட்டார்கள். மொலூபேயோ பல வருஷம் முன்பே ஊரறிய அறிவித்திருந்தார்: "குடிக்காத வீட்டுல பொண்ணு குடுக்க மாட்டேன். நாளைக்கு அங்க போனா உக்காந்து என்னத்தைப் பேசறது?" அதனால் தாயும் மகளும் அவரிடம் சொன்னது ஒரே வரிதான்: கோயிலுக்குப் போகிற நல்ல குடும்பம். அதைக் கேட்டு அவர் மகிழ்ந்துபோனார். "கோயிலுக்குப் போறவங்கதான் நல்லாக் குடிப்பாங்க," என்றார்.

"அவங்கதான் எதையும் தொடப்போறதில்லயே," என்றாள் மாதெபெல்லோ. "நான் ஒரு வாளி இஞ்சிச் சாறு போட்டு, அதே மாதிரி வெள்ளை வாளியில வெச்சு அவங்களுக்கு ஊத்திடுவேன். இவரு காய்ச்சற கண்ராவியை ஊர்க்காரங்க குடிக்கட்டும். அதுக்கப்புறம் அவரு வாயை எங்க கொண்டு வெச்சுக்கறாருன்னு பாக்கறேன்."

மொலூபே காய்ச்சத் தொடங்கிய அன்று ஊரில் வேறு யாரும் எந்த வேலையும் செய்யவில்லை. அவர் சுரங்கத்து மேலங்கியையும் ரப்பர் பூட்ஸையும் போட்டுக்கொண்டு வந்தார். தலையில் ஹெல்மெட். கூழ் கிண்ட ஹெல்மெட் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் நீளமாக வரும் என்று எல்லாருக்கும் தெரியும். பிட்ஸோ மதில்மேல் ஏறி, எல்லாம் தெரியும்படி இடம் பிடித்துக்கொண்டான்.

ஏற்கெனவே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்திருந்தார். முளைச்சோள மாவும் அதுவும் மனைவி அரைத்து வைத்தவைதான். "அரைக்கறது வேற, காய்ச்சறது வேற," என்று அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தார். வரட்டியை அடுக்கித் தீ மூட்டி, மூன்றுகால் இரும்புப் பானையில் கூழ் காய்ச்சினார். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே கிண்டினார். அடியில் கொஞ்சம் தீய்ந்தது. அதற்கு வரட்டிதான் காரணம் என்று உடனே கண்டுபிடித்துச் சொன்னார்.

அடுத்ததுதான் விஷயம். கூழை டிரம்மில் கொட்டி ஆற விட வேண்டும். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீர் அளவுக்குச் சூடு இறங்கிய பிறகுதான் முளைமாவையும், பழைய பீரின் அடியில் எடுத்துவைத்த மண்டியையும் சேர்க்க வேண்டும். அந்த மண்டிதான் உறை. பாலுக்கு உறை ஊற்றுகிற எவளுக்கும் தெரியும், கொதிக்கிற பாலில் ஊற்றினால் என்ன ஆகும் என்று. ஆனால் எதிர் மலையில் பனி விழுந்து வெள்ளையாக இருந்தது. மொலூபே அதைப் பார்த்தார், யோசித்தார்.

"இந்தக் குளிர்ல ஆற விட்டா உறை விறைச்சுச் செத்துப்போகும்," என்று மதில்மேல் இருந்தவனுக்குப் பாடம் எடுத்தார். "சூட்டோட ஊத்தினாத்தான் வேகம் பிடிக்கும். இதெல்லாம் யோசிக்கணும். பொம்பளைங்க யோசிக்கறதில்ல."

ஆவி பறக்கிற கூழில் முளைமாவைக் கொட்டினார். கெட்டியாக இருந்த கூழ் கண்ணெதிரே இளகித் தண்ணீரானது. விரலை விட்டார், சுட்டுக்கொண்டார், சப்பிப் பார்த்தார். "இனிக்குது பாரு," என்று முகம் மலர்ந்தார். உடனே உறையையும் எடுத்து ஊற்றினார்.

நான் வேலியோரம் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன். அடுப்படி வாசலிலிருந்து மாதெபெல்லோ என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

பிறகு டிரம்முக்குக் குளிரக் கூடாது என்று வீட்டிலிருந்த கம்பளிகளையெல்லாம் கொண்டுவந்து சுற்றினார். போதாதென்று தான் போர்த்தியிருந்ததையும் அவிழ்த்துச் சுற்றிவிட்டு, வெறும் மேலங்கியோடு பனியில் உலாவினார். அவ்வப்போது டிரம்மில் காதை வைத்துக் கேட்டார். நல்ல பீர் பொங்கும்போது மழைத் தூறல் தகரத்தில் விழுவது போலச் சத்தம் வரும்.

"சத்தமே காணோமேண்ணே," என்றான் பிட்ஸோ.

"தூங்குது. கொழந்தை தூங்கறப்பதான்டா வளரும்."

விருந்தாளிகள் வரும் நாளில் டிரம் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மொலூபேக்குத்தான் சளி பிடித்து மூக்கு அடைத்துவிட்டது. வாசனையும் தெரியவில்லை, ருசியும் தெரியவில்லை. புல்லால் பின்னிய நீளப் பையில் ஊற்றிப் பிழிந்து வடிகட்டினார். ஒரு குவளை குடித்தார். "ஆஹா," என்றார். சக்கையைக் கோழிகளுக்குக் கொட்டினார்.

மாதெபெல்லோ வடிகட்டுகிற நாளில் அவள் வீட்டுக் கோழிகளைப் பார்க்க வேண்டும். சக்கையைத் தின்றுவிட்டு இரண்டு அடி நடக்கும், உட்காரும், எதற்கு உட்கார்ந்தோம் என்று யோசிக்கும். சேவல் நடுப்பகலில் கூவும். அன்றைக்கு அவை வயிறு நிறையத் தின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிள்ளைகள் போல வரிசையாக நடந்து போயின. நான் மாதெபெல்லோவைப் பார்த்தேன். அவளும் கோழிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வேட்டைக்குப் பொறி வைத்தவளுக்கு, விழுந்தது வீட்டு நாய் என்று தெரிந்தது போல இருந்தது முகம்.

மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. பேச வந்தவர்களுக்குத் தலைவர் மொஹாவின் பெரியப்பா க்வாபானே. நெடிய மனிதர். கோட்டின் மார்பில் பச்சைத் துணியில் வெட்டி ஊசிகுத்திய நட்சத்திரம். கூட வந்த எல்லார் மார்பிலும் அதே நட்சத்திரம். சீயோன் சபையின் நட்சத்திரம் எது என்று மொலூபேக்குத் தெரியும். மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். மாதெபெல்லோ அந்த நேரம் பார்த்து வானத்தில் ஏதோ பறவையைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அவர் நாசூக்காக விட்டுவிடுவார் என்று நினைத்தோம். மாதெபெல்லோ இஞ்சிச்சாறு வாளியோடு முன்னால் வந்தாள். மொலூபே கையை நீட்டி மறித்தார். "இன்னிக்கு ஊத்தறது நான்." தன் டிரம்மிலிருந்து ஒரு குவளையை நிறைத்து, இரண்டு கையாலும் பிடித்து க்வாபானேயிடம் நீட்டினார்.

"மன்னிக்கணும் சம்பந்தி," என்றார் க்வாபானே. "எங்க வீட்டுல இதைத் தொடறதில்ல."

"இது கடையில வாங்கினது இல்ல. நான் என் கையால காய்ச்சினது."

"அதனாலதான் வருத்தமா இருக்கு. ஆனா நாங்க கடவுளுக்குக் குடுத்த வாக்கு."

"நானும் ஒரு வாக்கு குடுத்திருக்கேன்," என்றார் மொலூபே. "ஊர் பூரா கேட்டிருக்கு. என் வாசல்ல வந்து, நான் குடுக்கறதைத் தொடாத வீட்டுக்கு..."

அடுப்படிக் கதவருகே நின்ற தெபெல்லோ போர்வை நுனியை வாயில் அழுத்திக்கொண்டாள். அந்த வாக்கியம் முடிந்திருந்தால் கல்யாணமும் அதோடு முடிந்திருக்கும். முடியவில்லை. மாதெபெல்லோ பாய்ந்து வந்து கணவர் கையிலிருந்த குவளையைப் பிடுங்கினாள். நின்ற வாக்கில் மொத்தத்தையும் குடித்தாள். உதட்டைப் புறங்கையால் துடைத்தாள்.

"இதுல போதை இல்லீங்க," என்றாள் க்வாபானேயிடம்.

எல்லாரும் அவளையே பார்த்தோம். அவள் தொடர்ந்தாள். "உங்க சபை வழக்கம் தெரிஞ்சுதான் இவரு இப்படிக் காய்ச்சினாரு. உறையை வேணும்னே சூட்டுல ஊத்தி, போதை ஏறாதபடி. குளிர்ல நின்னு, தன் கம்பளியக்கூட டிரம்முக்குப் போத்திவிட்டு. எங்க மலையில எந்த ஆம்பளையும் சம்பந்திக்காக இப்படிச் செஞ்சதில்ல."

ஆளுக்கொரு குவளை ஏற்கெனவே மொண்டுகொண்டிருந்த ஊர்ப் பெரியவர்கள் முதல் மடக்கை வாயில் வைத்துக்கொண்டு, விழுங்குவதா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தார்கள். பிட்ஸோ ஏதோ நம்பிக்கையில் அதற்குள் மூன்று குவளை இறக்கியிருந்தான். "அதானே பாத்தேன்..." என்று ஆரம்பித்தான்.

"பிட்ஸோ, நீ வாயைத் திறக்காத."

க்வாபானே லேசில் நம்புகிறவராகத் தெரியவில்லை. குவளையைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார். கடைசியில் சக்கைக் குவியலைச் சுற்றி நிமிர்ந்து நடந்துகொண்டிருந்த கோழிகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்கம்மாவும் ஞானஸ்நானம் வாங்கறதுக்கு முன்னாடி காய்ச்சினவதான்," என்றார் மெதுவாக. "கோழி பொய் சொல்லாது. குடுங்க."

குடித்தார். இனிப்பும் புளிப்புமாகச் சோள வாசனையோடு, அதில் ஒரு பாவமும் இல்லாமல் இருந்தது. குவளையைக் காலி செய்து மறுபடி நீட்டினார். அவர் குடித்ததைப் பார்த்து மற்ற நட்சத்திரங்களும் குடித்தன. பெண்ணுக்கு எத்தனை மாடு தருவது என்ற மாட்டுப் பேச்சு வழக்கமாகப் பொழுது சாயும்வரை இழுக்கும். கோபித்துக்கொண்டு எழுந்து போவதும் கூப்பிட்டு உட்கார வைப்பதுமாக நடக்கும். அன்றைக்கு ஆட்டுக்கறி வேகும் முன்பே முடிந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் வீட்டில் பால் தீர்ந்துபோன பூனைகள் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

மொலூபேயின் முகத்தை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஒன்றும் விளங்காமல் விழித்தார். பிறகு சபைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக் குலுக்கியபோது, தான் ஏதோ பெரிய காரியம் செய்திருக்கிறோம் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. வேன் கிளம்பும்போது க்வாபானேயிடம் அவரே விளக்கிக்கொண்டிருந்தார்: "நான் ராவெல்லாம் யோசிச்சேன் சம்பந்தி. போதையை மட்டும் எப்படிக் கழிக்கறதுன்னு."

தண்டனை மாதெபெல்லோவுக்குத்தான். கணவரின் மானத்தைக் காப்பாற்றப் போய், அதை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிற நிலைக்கு வந்துவிட்டாள். அதன்பிறகு மொலூபே எந்தக் கொடியின் கீழே உட்கார்ந்தாலும் இரண்டாவது குவளையில் தன் கண்டுபிடிப்பைத் தொடங்கிவிடுவார். போதையால் நாடு கெட்டுப்போவதைப் பற்றி நான்காவது குவளையில் பேசுவார். எழுந்து நிற்க முடியாத நிலையிலும் அந்தக் கருத்தில் உறுதியாக இருப்பார்.

கோடையில் கல்யாணம் வந்தது. எங்கள் ஊரில்தான். சபை மொத்தமும் வருகிறது, உங்கள் பானத்தைக் குடிக்கத்தான் பலர் வருகிறார்கள் என்று க்வாபானே போனில் சொன்னார். மொலூபே ஹெல்மெட்டைத் துடைத்து எடுத்து வைத்தார்.

"நானே போட்டுடறேனே," என்று மாதெபெல்லோ கேட்டுப் பார்த்தாள்.

"இது உனக்கு வராது."

"சரி. போன தடவை மாதிரியே ஆவி அடங்கறதுக்குள்ள உறையை ஊத்திடுங்க. அது போதும்."

"என்னோடதை எனக்கே சொல்லித் தரியா?"

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அப்படித்தான் ஊற்றியிருப்பார். சொல்லிவிட்டாளே. அப்படிச் செய்தால் அது அவள் பீர் ஆகிவிடும் அல்லவா? ஆகவே கூழை நிழலில் வைத்து, விசிறி, கிளறி, பதமாக ஆற வைத்து, முளைமாவைத் தூவிக் கலந்து, அதன் பிறகே உறையை ஊற்றினார். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் காலம்காலமாகச் செய்வதை, தன் சொந்தத் திருத்தம் என்று நினைத்துச் செய்தார்.

கல்யாணத்தன்று விடிந்தபோது டிரம் பேசிக்கொண்டிருந்தது. நுரை மூடியைத் தூக்கிவிட்டு வழிந்தது. யாரும் கூப்பிடாமலே, வாசனை பிடித்து பிட்ஸோ வந்து நின்றான். இந்த முறை மொலூபேக்குச் சளி இல்லை. ஒரு குவளை மொண்டு கண்ணை மூடிக் குடித்தார்.

கண்ணைத் திறக்க நேரமாயிற்று. திறந்து, வழக்கம்போல அந்த டாக்டர் பார்வையைப் பார்க்க வீட்டுக்காரியைத் தேடினார். அப்புறம்தான் காய்ச்சியது தான் என்ற நினைவு வந்தது போல.

"இது பீர்," என்றார்.

மாதெபெல்லோ குவளையை வாங்கி ஒரு மடக்கு குடித்தாள். இன்னொரு மடக்கு குடித்தாள். "என்னோடதை விட நல்லா இருக்கு," என்றாள். அவள் பக்கத்து வீட்டில் எனக்கு வயதாகிவிட்டது. தன்னைப் பெற்றவளின் பீரைப் பற்றிக்கூட அவள் அப்படிச் சொன்னதில்லை.

மொலூபே கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தார். "அப்ப போன தடவை வந்தது என்னது?"

"உறை செத்த கூழ்."

"நீ அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னது..."

"பொண்ணு கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

"இது ஊருக்குத் தெரியுமா?"

பிட்ஸோ தன் கால்விரல்களைப் பார்த்தான். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. அதிகம் இல்லை, கொஞ்சம்.

அப்போது கீழே வளைவில் சபைக்காரர்களின் முரசுச் சத்தம் கேட்டது. மொலூபே எழுந்தார். டிரம்மின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஆயுளில் முதன்முறையாக அவருக்குப் பிடித்த பீர். அதுவும் அவரே காய்ச்சியது. அதை வாசலில் வைத்து உலகத்துக்குக் காட்டாமல் இருக்க மாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். "பிட்ஸோ, அந்தப் பக்கம் பிடி," என்றார். இருவருமாக டிரம்மைத் தூக்கிக்கொண்டுபோய் மாட்டுப்பட்டிக்குப் பின்னால் வைத்தார்கள். மாதெபெல்லோ இஞ்சிச் சாற்றை வெளியே எடுத்தாள். அவள் எதற்கும் தயாராக இருந்தாள்.

பச்சையும் வெள்ளையுமாக அங்கிகள் முற்றத்தை நிறைத்தன. க்வாபானே இஞ்சிச் சாற்றைப் பார்த்தார். "சம்பந்தி, எங்க நம்ம பானம்?" என்று உரக்கவே கேட்டார்.

மொலூபே தொப்பியைக் கழற்றினார். ஊரார் முன்னால், சம்பந்தி வீட்டார் முன்னால், மகள் முன்னால் சொன்னார்: "இந்தத் தடவை சரியா வரலீங்க. கெட்டுப்போச்சு."

கெட்டுப்போனதைக் குடிக்க எங்கள் ஊர் ஒவ்வொருவராக மாட்டுப்பட்டிப் பக்கம் போய் வந்தது. அப்படியொரு பீரைக் குடித்துவிட்டு ஒரு வார்த்தை வெளியே சொல்ல முடியாத கொடுமை எந்த ஊருக்கும் வரக் கூடாது. திரும்பி வருகிறவர்கள் மொலூபேயின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். சிலருக்குக் கண் கலங்கியிருந்தது. பிட்ஸோ வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மாதெபெல்லோ வந்துதான் விரல்களைப் பிரித்துவிட்டாள்.

ஆறுதல் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் க்வாபானே. நல்ல மனிதர், அவருக்கும் மனம் இளகிவிட்டது. "வருத்தப்படாதீங்க சம்பந்தி. உங்க கைக்காக ஜெபம் பண்றோம்," என்றார். சபை முழுக்க மொலூபேயைச் சுற்றி வட்டம் கட்டி முரசடித்துப் பாடியது. வட்டத்துக்கு நடுவில் அவர் மூச்சு விட்டால் வாசனை வருமே என்று வாயை இறுக மூடிக்கொண்டு, கன்னம் உப்ப நின்றார். பாட்டின் நடுவே, மாட்டுப்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெட்டைக்கோழி அங்கிகளுக்கிடையே புகுந்து வந்தது. இரண்டு அடி நடந்தது, க்வாபானேயின் காலடியில் உட்கார்ந்தது, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. க்வாபானே கோழியைப் பார்த்தார். மொலூபேயைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னும் பலமாகப் பாடினார்.

அதைப்பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. தெபெல்லோவுக்குப் பிள்ளை பிறந்து, கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் வரும்போது மாதெபெல்லோவே உறையைக் கொதிகூழில் ஊற்றிக் கொன்று அவருக்கென்று ஒரு வாளி தயார் செய்கிறாள். அதைச் செய்யும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது. மொலூபே பரிமாறுகிறார். செய்முறையைக் கேட்பவர்களிடம், அதிகம் பேசாமல், "வீட்டுல அவ போட்டது," என்கிறார்.

கல்யாணத்தன்று வந்த பீர் அவருக்கு அப்புறம் வரவேயில்லை. விடாமல் காய்ச்சுகிறார். ஒருமுறை நீர்த்துப்போகிறது, ஒருமுறை புளித்துப்போகிறது. ஹெல்மெட் போடுவதை விட்டுவிட்டார். போன வாரம் என் வீட்டுக்கு வந்து, ஒரு குவளை குடித்துவிட்டு, அடியில் தங்கிய மண்டியைச் சுழற்றிப் பார்த்தார்.

"மாநேவோ, கூழை நீ எவ்வளவு நேரம் ஆற விடற?" என்று கேட்டார்.

"நேரம் யாரு பாத்தா," என்றேன். "ஒரு பாட்டுப் பாடிக்கிட்டே கிளறுவேன். பாட்டு முடிஞ்சா உறையை ஊத்திடுவேன்."

"எந்தப் பாட்டு?"

நான் பாட்டெல்லாம் பாடுவதில்லை. வாயில் வந்த ஒரு அறுவடைப் பாட்டின் பெயரைச் சொன்னேன். மறுநாள் காலை அவர் முற்றத்திலிருந்து அந்தப் பாட்டு கேட்டது. நடுநடுவே இருமல். ராகம் எங்கேயும் சேரவில்லை. கடைசி அடி மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். உள்ளேயிருந்து மாதெபெல்லோ, "அந்த அடி அப்படி இல்ல," என்று எடுத்துக் கொடுத்தாள்.